அந்த மூடிக்கு ஒரு திருகாணி வேண்டும்

மும்பை பாண்டுப் ஸ்டேஷன் பக்கம் சாலையோரத்தில் விற்கும் எல்இடி அகல்விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி. நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும். உள்ளே காசு போலப் பளபளக்கும் பொத்தான் பேட்டரி. தவழும் பிள்ளை வாயில் போட வேறென்ன வேண்டும்?

காசை விழுங்கினால் "வாழைப்பழம் கொடு, தானா வந்துடும்" என்பது நம் பாட்டிமார் வைத்தியம். பெரும்பாலும் வந்தும் விடுகிறது. பேட்டரி விஷயத்தில் அந்தப் பேச்சே ஆபத்து. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அங்கேயே காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்தில் சதை வெந்துவிடும். மூச்சுக்குழாய்வரை ஓட்டை விழலாம். பெருந்தமனி அரித்துப்போனால், பேட்டரியை எடுத்துப் பல நாள் கழித்தும் இரத்தம் கக்கிக் குழந்தை இறக்கலாம். ரிமோட்டுக்கு உதவாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும்.

விழுங்கியதை யாரும் பார்ப்பதில்லை. எச்சில் வடிகிறது, இருமுகிறது, சோறு இறங்கவில்லை. சளி மருந்து கொடுத்துவிடுகிறோம். எக்ஸ்ரேயில் பேட்டரியின் இரட்டை வளையம் தெரியும்போது பொழுது போயிருக்கும். பாண்டுப்பிலிருந்து சயான் மருத்துவமனைக்கு ஸ்லோ ரயிலில் ஆறாவது ஸ்டேஷன். பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனை அதற்கும் அப்பால். ஆகவே தடுப்பு அந்த மூடியிலேயே இருக்க வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் ரிமோட், எடை மெஷின், அகல்விளக்கு எதுவும் பொம்மை அல்லவே! குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ரிமோட் பேட்டரியை விழுங்கிய ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இறந்த பிறகு, அமெரிக்கா 2022இல் 'ரீஸ் சட்டம்' கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவிலும் அதே ஆண்டு ஜூனில் கட்டாய விதிகள் வந்தன. பொத்தான் பேட்டரி போடும் எல்லாப் பொருளுக்கும் திருகாணி மூடியை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

பத்து ரூபாய்ச் சரக்கில் சட்டம் எடுபடாது என்பார்கள். தெருவோர வியாபாரியைத் துரத்தினால் எடுபடாதுதான். இறக்குமதியாளரையும் மொத்த வியாபாரியையும் பிடித்தால் எடுபடும்.

அதுவரை மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன். அதையும் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டே கொடுங்கள்.