அலமாரியில் அடைபட்ட மருந்து

பூனைக்கு வரும் ஒரு வியாதியைப் பற்றித் தலையங்கம் எழுதப் புகுந்தோமே என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். விஷயம் பூனையோடு நின்றிருந்தால் நாமும் இதைக் கையிலெடுத்திருக்க மாட்டோம். கண்டுபிடித்த மருந்தொன்று நோயாளிக்கு நேர்வழியில் எட்டாமல் வருஷக்கணக்கில் தடைப்பட்டு நின்ற வரலாறு இது. நோயாளி வாயில்லாப் பிராணியாதலின் கேட்பாரின்றிப் போயிற்று. நியாயமோ யாவர்க்கும் பொது.

மிருக வைத்தியர்கள் எப்.ஐ.பி. என்று சுருக்கமாக வழங்கும் இந்நோய், பூனைகளைப் பற்றும் ஒருவகைக் கொரோனா வைரஸினால் உண்டாவது. 1963-ஆம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்து மிருக வைத்தியர் ஜீன் ஹோல்ஸ்வொர்த் இதனை முதன்முதலில் விவரித்தார். பல பூனைகள் கூடி வாழும் இடங்களில் மலத்தின் வழியே அவ்வைரஸ் எளிதிற் பரவும். பெரும்பாலானவற்றுக்குச் சிறிது வயிற்றோட்டத்தோடு தொல்லை தீர்ந்துவிடும். சிலவற்றின் உடலிலோ அது உருமாறி, வெள்ளை அணுக்களுள் புகுந்து, வயிற்றிலும் மார்பிலும் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். அதன்பின் சில நாட்களிலோ வாரங்களிலோ மரணம் என்பதே வெகுகாலம் வரை விதியாக இருந்தது.

காட்டு ஜாதிகளையும் இது விட்டு வைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்து விலங்குப் பூங்கா ஒன்றில் இக்கிருமி புகுந்தது. அங்கிருந்த சிவிங்கிகளில் நூற்றுக்கு அறுபது வரை மாண்டன. சிவிங்கிகள் பரம்பரைக் கூறுகளில் ஏறக்குறைய ஒரே அச்சாக இருப்பதால், ஒன்றைக் கொல்லும் கிருமிக்கு மற்றவையும் எளிய இரையாயின என்று ஸ்டீபன் ஓப்ரையன் முதலிய விஞ்ஞானிகள் 1985-ல் எடுத்துக்காட்டினார்கள்.

இவ்வியாதியை அரை நூற்றாண்டுக் காலம் ஆராய்ந்தவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் நீல்ஸ் பெடர்சன். கிலியட் என்னும் மருந்துக் கம்பெனி தயாரித்த ஜி.எஸ்.-441524 என்ற பொருளை அவரும் அவருடைய சகாக்களும் நோயுற்ற 31 பூனைகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். வைரஸ் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும்போது இப்பொருள் இடையிற் புகுந்து அவ்வேலையை முறித்துவிடுகிறது. 26 பூனைகள் பன்னிரண்டு வார சிகிச்சையை முடித்தன. அவற்றுள் 25 நெடுநாள் பிழைத்தன. இந்த முடிவு 2019-ல் பிரசுரமாயிற்று. தப்பாத மரணம் தீரக்கூடிய வியாதியாக மாறிற்று.

ஆனால் மருந்து கடைக்கு வரவில்லை. இதன் நெருங்கிய உறவான ரெம்டெசிவிர் என்னும் மருந்தை மனிதருக்கு வழங்க அனுமதி பெற அக்கம்பெனி அப்பொழுது முயன்று வந்தது. பூனைகளிடம் ஏதேனும் தீங்கு தென்பட்டால் அந்த முயற்சிக்கு இடையூறாகும் என்று அஞ்சியே மிருகங்களுக்கு வழங்கும் உரிமையை அது கொடுக்கவில்லை என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. விளைவு என்ன? சீனாவிலிருந்து கள்ளச் சந்தை முளைத்தது. சீட்டுப் பெயருக்கும் சரக்குக்கும் பொருத்தம் உண்டோ இல்லையோ என்று தெரியாத புட்டிகளை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, பூனை வளர்ப்போர் தாங்களே ஊசி போட்டார்கள். சட்டம் அடைத்த வாசலுக்குப் பக்கத்திலேயே களவு ஒரு திட்டிவாசலைத் திறந்துகொண்டது.

2020-ல் மனித குலத்தையே கொரோனா வாட்டியபோது, அதே ரெம்டெசிவிர் ஆஸ்பத்திரிகளில் மனிதருக்கு வழங்கப்பட்டது. 2021-ல் பிரிட்டனில் மிருக வைத்தியர்கள் இம்மருந்துகளைச் சட்டப்படி பெற வழி பிறந்தது. 2023-ல் சைப்ரஸ் தீவில் பூனைக்குப் பூனை நேராகவே தொற்றும் புதிய வகையொன்று பரவிற்று. மனிதருக்கென்று வைத்திருந்த கொரோனா மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அத்தீவின் சர்க்கார் ஆகஸ்டு மாதத்தில் இசைந்தது. ஆராய்ச்சி நடந்த அமெரிக்காவிலோ, வைத்தியர் சீட்டின் பேரில் மருந்து நேர்வழியிற் கிடைக்க 2024 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐந்து வருஷம்!

கம்பெனிகள் கோடிக்கணக்கிற் செலவிட்டு மருந்து காண்கின்றன. லாபத்துக்கு உத்தரவாதமில்லாவிடில் யார் ஆராய்வார் என்று கேட்பார்கள். இதில் உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் பேடண்டு உரிமை என்பது பிறப்புரிமை அன்று. ஜனசமூகம் செய்துகொடுக்கும் ஒப்பந்தம். புதுமையை வெளியிட்டு உபயோகத்துக்குக் கொண்டுவருபவனுக்குச் சில காலம் தனியுரிமை. உபயோகத்துக்கு வராவிடில் ஒப்பந்தத்துக்குப் பொருளில்லை. கிணறு வெட்டியவன் நீருக்கு விலை கேட்கலாம். தானும் இறைக்காமல், இறைக்க வருபவனையும் தடுப்பது நியாயமாகாது.

இந்தக் கொள்கை சட்டத்துக்குப் புதிதன்று. இந்தியப் பேடண்டுச் சட்டத்தின் 84-வது பிரிவு, உரிமை வழங்கி மூன்று வருஷம் கழிந்தபின், பொதுஜனங்களின் நியாயமான தேவை நிறைவேறாவிடில், பிறருக்குக் கட்டாய லைசென்ஸ் அளிக்க இடந்தருகிறது. 2012-ல் புற்றுநோய் மருந்தொன்றுக்கு அவ்விதமே அளிக்கப்பட்டது. கம்பெனி அழிந்துவிடவில்லை, அதற்கு ராயல்டியும் விதிக்கப்பட்டது. உரிமையாளர் தாமே ஈடுபட விரும்பாத உபயோகங்களுக்கும் இம்முறை செல்லவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒரு மருந்தினால் இன்ன வியாதி தீரும் என்று நிரூபணமானபின், குறித்த காலத்துக்குள் உரிமையாளர் தாமும் செய்யாமல் பிறருக்கும் இசையாமல் இருந்தால், நியாயமான ராயல்டியைப் பெற்றுக்கொண்டு வழிவிடும்படி ஒவ்வொரு தேசத்தின் சட்டமும் கட்டளையிடவேண்டும்.

பணம் கொடுக்கமுடியாத ஏழைகளின் வியாதிகளும், சிலரையே பற்றும் அரிய வியாதிகளும் கம்பெனிக் கணக்கில் பூனையின் ஸ்தானத்திலேயே இருக்கின்றன. இந்தச் சிறு பிராணியின் வழக்கில் நியாயம் காணாத உலகம் அவர்களுடைய வழக்கிலும் தாமதிக்கும். சட்டம் செய்வோர் இதனைச் சிறு விஷயமென்று தள்ளாதிருப்பாராக.