பதவிக்குப் போனவர்களின் பழி

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதை தோட்டப்புறங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்குள்ள தொழிலாளர் லயங்களிலும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் ஒரே தீர்ப்பு நிலைத்துவிட்டது: இடதுசாரிகள் அத்தனை பேரும் தமிழரைக் கைவிட்டவர்கள். இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன்.

1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமோ அதே ஆண்டு டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார்.

கைவிட்டது பிறகு நடந்தது. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் சேர்ந்தது. அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. 1966 ஜனவரியில், தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கு இடமளித்த விதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் சமசமாஜிகளும் மாஸ்கோ சார்புக் கம்யூனிஸ்டுகளும் சுதந்திரக் கட்சியோடு நடந்தார்கள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த 1972 அரசியலமைப்பை வரைந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அப்போது பெருந்தோட்டத்துறை அமைச்சரும் அவரே. இவற்றை மன்னிக்கச் சொல்லவில்லை.

ஆனால் மானிப்பாயில் 1920இல் பிறந்த நா. சண்முகதாசனை இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியரானவர். இலங்கைத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பொதுச்செயலாளராக இருந்தவர். அமைச்சரவை நாற்காலியை நோக்கிய பாதையை எதிர்த்து, 1964இல் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தனியே கட்டினார். 1966 ஜனவரி ஊர்வலத்தின் பின்னால் அவர் போகவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்டு, காவல்துறையின் அடி வாங்கிய ஊர்வலம் அவருடைய கட்சியினர் முன்னின்று நடத்தியது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலய நுழைவுப் போராட்டத்திலும் அவர்களே நின்றார்கள். மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் செங்கொடிச் சங்கத்தை வளர்த்ததும் அவர்கள்தான். ஜே.வி.பி.யின் 1971 கிளர்ச்சியோடு உடன்படாதபோதும் அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

அவரிடமும் குறை உண்டு. அவர் எதிர்பார்த்த புரட்சி வரவில்லை. கட்சி துண்டு துண்டானது. தோற்றார் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். விற்றார் என்று சொல்லாதீர்கள். 1993இல் பர்மிங்ஹாமில் இறக்கும்வரை அவர் எந்த அமைச்சரின் கையையும் பிடிக்கவில்லை.

இடதுசாரிகள் அத்தனை பேரும் கைவிட்டவர்கள் என்ற தீர்ப்பின் விலையைக் கொடுப்பவர் தோட்டத் தொழிலாளியே. "சிவப்பு நமக்கு ஆகாது" என்று ஒதுங்கியவர்களின் கூலிப் பேச்சு, அமைச்சரவையிலும் அமர்ந்த சங்கத் தலைவர்களின் கைக்குப் போனது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2015இல் தேர்தல் வாக்குறுதியானது; கைக்கு வந்தது 2021இல். அதற்குள் விலைவாசி அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டது.

ஒரு தலைவரை எடைபோட, வாக்கெடுப்பின்போது எங்கே நின்றார், அடி விழுந்தபோது யாரோடு நின்றார் என்று கேட்போம். பதவிக்குப் போனவர்களின் பழியைப் போகாதவர்கள் மேல் சுமத்தினால், இனி ஒருவர் பதவியை மறுத்து நம்மோடு நிற்க என்ன காரணம் இருக்கும்?