சோர்வுக்குக் காரணம் உண்டு

மட்டாஞ்சேரியின் நெருக்கமான வாடகை வீடுகளில் வாழும் நம்மவர் ஒருவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் கண்டால், வீட்டார் தொற்றுக்கு அஞ்சுவர். அவரோ தனிமைக்கு அஞ்சுவார். நீண்டகாலச் சிகிச்சையில் அளிக்கப்படும் சைக்ளோசெரின் என்னும் மருந்து சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வையும், தற்கொலை எண்ணத்தையும்கூட உண்டாக்கக்கூடும். ஆகவே அவர் கலங்கி அழும்போது, அவிசுவாசம் என்றோ பிசாசின் கிரியை என்றோ தீர்த்துவிடாதிருங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சையை மாற்றியமைக்க அவரால் கூடும். அம்மருந்து இல்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024இல் நம் தேசத்தில் அனுமதி கிடைத்தது; அது பொருந்துமா என்றும் கேளுங்கள். டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். நீங்களோ முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்து, சற்றுநேரம் அவரோடு உட்காருங்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.