ஓடத்திற்கேற்ற ஆறு

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பழம்புகழ் உடையது. நன்னன் என்னும் குறுநில மன்னனைப் பாடிய மலைபடுகடாம் இதனைச் சேயாறு எனக் குறிக்கும். செங்கத்தையும் திருவோத்தூரையும் கடந்து, திருமுக்கூடலில் இது பாலாற்றோடு கலக்கின்றது.

இவ்வாற்றில் துடுப்பு வலித்து ஓடம் செலுத்தலாமா? ஆண்டின் பெரும்பகுதியும் மணலே காட்டும் ஆறு இது. மலைமேலுள்ள ஓடைகளோ பாறை நிறைந்தவை. பீமன் அருவி கண்ணுக்கு விருந்தாகுமேயன்றி ஓடத்திற்கு வழியாகாது. ஆதலின், பருவமழை வெள்ளம் வடிந்தபின், சமவெளியில் ஆறு பரந்து மெல்லெனச் செல்லும் சில கிழமைகளையே கருதுதல் தகும்.

மெல்லென ஓடும் நீர் தீங்கற்றது என்பர் பலர். அது பிழைபட்ட கருத்து. ஒரு சுள்ளியை நீரில் இட்டு அதனுடன் கரையில் நடந்து பார்த்தல் வேண்டும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் ஏறத்தாழ நடைவேகத்திலேயே ஓடத்தைச் செலுத்த வல்லவர். சுள்ளி நடப்பவரை முந்துமாயின் அவர் எதிர்த்து மீளல் இயலாது. ஓடம் மணிக்கு 5 கிலோமீட்டரும் நீர் 2 கிலோமீட்டரும் செல்வதாகக் கொள்க. கீழ்நோக்கி ஒரு மணியில் 7 கிலோமீட்டர் செல்லலாம். மீள்வதற்கோ 2 மணி 20 நிமிடம் வேண்டும். போகும்போது களிப்புற்றவர் இருட்டிய பின்னும் கரை காணாது தவிப்பது இதனாலேயே. நீரின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கு நான்கு மடங்காகும் என்பதும் நினைவிற்குரியது.

எல்லாவற்றினும் கொடியது தடுப்பணை. மேலிருந்து வரும் ஓடக்காரனுக்கு அது நீர்ப்பரப்பில் ஒரு கோடுபோலவே தோன்றும். ஆனால், அதன்மேல் வழிந்து விழும் நீர் அடியில் மடங்கிச் சுழன்று, வீழ்ந்தவரை மீண்டும் மீண்டும் அணையின் பக்கமே இழுக்கும். நீந்த வல்லாரும் அதனின்று தப்புதல் அரிது. சாய்ந்து கிடக்கும் மரமும் இத்தகையதே. கிளைகளினூடே நீர் செல்லும், ஓடம் செல்லாது.

செங்கத்தில் வானம் தெளிந்திருக்க, மலையில் மழை கொட்டுவதும் உண்டு. குப்பநத்தம் அணையில் நீர் திறக்கும் நாளை அறியாது அதன் கீழே ஓடம் விடுதல் பேதைமை.

ஒகேனக்கல்லில் பரிசல் செலுத்துவோரைக் காட்டித் துணிவு கொள்வாரும் உளர். அவர் ஒவ்வொரு பாறையையும் பல்லாண்டு பழகியவர்; வட்டப் பரிசலின் இயல்பும் நீண்ட ஓடத்தின் இயல்பும் வேறு. சவ்வாது மலையில் பயில விழைவார்க்கு ஜமுனாமரத்தூரில் படகு விடும் ஏரியே ஏற்றது. அங்கும் மிதவைச் சட்டை இன்றி ஏறலாகாது.

பின்னர் ஆற்றிற்கு வரலாம். ஏறுமிடம் முதல் இறங்குமிடம் வரை கரையோடு நடப்பது அரைநாள் வீண் என்று சிலர் சலித்துக் கொள்வர். தாழ்ந்த பாலமும், நீரில் மூழ்கிய முள்வேலியும், மணல் எடுத்த பெருங்குழியும் கண்ணிற்படுவது அந்த அரைநாளில்தான்.