கையெழுத்திடாதவரின் துணிவு

1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட மறுத்த ஜான் டிக்கின்சனைக் கோழை என்று ஒதுக்குவது நியாயமல்ல. லண்டனில் சட்டம் பயின்ற இந்த வழக்கறிஞர்தான், 1767-68இல் ‘விவசாயி’ என்ற பெயரில் எழுதிய கடிதங்களால் பிரிட்டிஷ் வரிகளுக்கு எதிராக மக்களைத் தட்டி எழுப்பினார். (ஆள் உண்மையில் பெரும் பணக்காரர்.) சொத்துக்குப் பயந்தார் என்பார்கள். அப்படியானால் விடுதலைத் தீர்மானத்தின் வாக்கெடுப்பன்று விலகி நின்று அதற்கு வழிவிட்டதும், உடனே படையோடு களத்துக்குப் போனதும் எதற்காக? அந்நியத் துணையும் குடியேற்றங்களுக்குள் ஒப்பந்தமும் கைகூடுமுன் விடுதலையை அறிவிப்பது அவசரம் என்பதே அவர் வாதம். அந்தக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தின் முதல் வரைவையும் அவரே எழுதினார். குறை சொல்வதென்றால், அடிமைகளை வைத்திருந்ததைச் சொல்லலாம். 1777இல் நிபந்தனையோடு தொடங்கிய அவர்களது விடுதலை முழுமையாக 1786 ஆயிற்று. பிரகடனத்தில் இல்லாத அவர் பெயர் 1787 அரசியல் சாசனத்தில் இருக்கிறது. உடல்நலமின்றி மாநாடு முடியுமுன்பே ஊர் திரும்பியதால், அவருக்காக சக பிரதிநிதி ஜார்ஜ் ரீட் கையெழுத்திட்டார்.