சுண்ணாம்புக்குள் சூடு எங்கே இருந்தது?

கேள்வி: வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போர்டோ கலவை தயாரிக்கிறேன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் அடுப்பில்லாமலே கொதிக்கிறது. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? சில மூட்டைகளில் சூடே கிளம்புவதில்லையே, ஏன்?

பதில்: அடுப்பு இருந்தது. உங்கள் தோட்டத்தில் அல்ல, காளவாயில். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து போகிறது. அப்படிப் பிரிக்கச் செலவான வெப்பம் அழிவதில்லை. அது வேதி ஆற்றலாக மாறி நிற்கிறது. கையால் தொட்டால் தெரியாது.

அதை ரூ.100 கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி நீற்றும்போது சுமார் 37 ரூபாய் உடனே திரும்பி வருகிறது. மீதி 63 ரூபாய், சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும்போது வருகிறது. மெதுவாக வருவதால் சுவர் சுடுவதில்லை. கணக்கு மட்டும் பைசா பிசகாது.

சூடு வராத மூட்டை, காற்றின் ஈரத்தை வாங்கி ஏற்கெனவே நீறிப்போனது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, போர்டோ கலவைக்கு அதை வாங்காதீர்கள்.

1 சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். நீற்றிய சுண்ணாம்பை 50 லிட்டராக்கி, நன்றாக ஆறவிட்டு வடிகட்டுங்கள். மீதி 50 லிட்டரில் கரைத்த துத்தத்தை அதில் ஊற்றிக் கலக்குங்கள். சூட்டோடு கலந்தால் கலவை கெட்டுவிடும். தீட்டிய அரிவாளை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும்.

நல்ல சுண்ணாம்பு 1 கிலோவின் சூடு, 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஆகவே தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். குவியலின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். மூடிய டிரம்மில் நீற்றவே கூடாது. மூட்டையை வைக்கோல் போர் அருகே வைத்து மழையில் நனைந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் எண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் விட வேண்டாம். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.