கேளாமல் திருத்தும் கணினி

மாணவர்களே, நல்லேப்பிள்ளியில் ஓர் உழவர் வீட்டார் நெல் மூட்டைக் கணக்கை விரிதாளில் எழுதுவதாகக் கொள்வோம். ஐந்து முதல் பத்து மூட்டை என்பதற்கு ‘5-10’ என்று இட்டவுடன், நம் நாட்டு அமைப்புள்ள கணினி அதனை அக்டோபர் 5 ஆம் நாளாக மாற்றிவிடும். கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

வாய்பாட்டிலும் இத்தொல்லை உண்டு. சொற்செயலியில் தட்டிய நேரான மேற்கோள் குறி, தானே வளைந்த குறியாகிவிடும். கட்டுரைக்கு அது அழகு. அதையே விரிதாளின் வாய்பாட்டில் ஒட்டினால் கணக்கு நடவாமல் பிழைச்செய்தி தோன்றலாம். அப்பிழையாவது தன்னைக் காட்டிக்கொள்கிறது. நாளாக மாறிய எண்ணோ வாய் திறவாது கிடக்கும்.

அறிவியலாளரும் இதற்குத் தப்பவில்லை. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்னும் மரபணுப் பெயர்களை எக்செல் நாள்களாக மாற்றியது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016 இல் ஓர் ஆய்வு காட்டியது. இறுதியில் மரபணுக்களே பெயர் மாறின. 2020 இல் வெளியான விதிமுறைப்படி ‘மார்ச்1’ என்பது ‘மார்ச்எஃப்1’ ஆயிற்று. செருப்புக்குத் தக்கபடி காலைத் தறித்த கதை! இம்மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023 இல்தான் வந்தது.

திருத்தம் நல்லதே என்பர் சிலர். கடிதத்தில் ஒப்புவேன், கணக்கில் ஒப்பேன். எழுதுபவர் எண்ணத்தை அறியாத பொறி, மாற்றுமுன் கேட்க வேண்டும். அதுவரை, மூட்டைக் கணக்கை இடுமுன் அக்கட்டத்தை ‘உரை’ வகையாக அமைத்துக்கொள்க.